மாம்பழக் காலத்தில் இல்லாத மாங்குயில்

கல்யாணமான புதிதில் எனக்கும் என் மனைவிக்கும் வந்த முதல் சண்டை ஓர் அணிலைப் பற்றியது.

சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு மாந்தோப்பு. நான் அதற்குக் காவல். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாருக்கும் சொந்தமாக ஒரு மரம்கூட இருந்ததில்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் தோப்புக்குள் இருக்கும்போது எல்லா மரமும் என்னுடையது என்கிற மாதிரிதான் திமிராக நடப்பேன். கையில் உண்டிவில் இருக்கும். நாங்கள் குடியிருந்த கொட்டாய்க்குப் பக்கத்தில், தட்டி ஓசை எழுப்ப ஒரு பழைய எண்ணெய்த் தகரம் தொங்கும். அன்றைக்கு ஒரு பேனிஷா மரத்தில் (பங்கனபள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஓர் அணில் காம்பைப் பின்னங்காலால் பிடித்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் ரப்பரை இழுத்துக் குறி பார்த்தேன். இவள் பின்னாலிருந்து வந்து என் முழங்கையைத் தட்டிவிட்டாள். கல் எங்கோ போய் விழுந்தது.

“இன்னாமே இது?” என்று கத்தினேன்.

“துன்னட்டும் மாமா. அது துன்னாத்தான நமக்கு?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷன். காவலுக்கு வைத்த அன்றே, பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொல்லிவிட்டார்: “உடுத கடிச்சது உனக்கு. மத்ததெல்லாம் எனக்கு.” உடுத என்றால் அணில். அந்தப் பக்கத்துத் தோப்புகளில் எல்லாக் காவல்காரனுக்கும் அதுதான் வழக்கம். மரத்தில் இருக்கிற முழுப்பழம் எதையும் தொடக்கூடாது. அணில் பல் பட்டுவிட்டால் அது காவல்காரன் வீட்டுப் பழம். யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அணிலை விரட்டத்தான் எனக்குக் கூலி. அணிலை விரட்டிவிட்டால் என் வீட்டில் பழம் கிடையாது. நானே ஒரு கையால் தகரத்தைத் தட்டிக்கொண்டு, மறு கையை நீட்டிக்கொண்டு நிற்கிற கதை.

அணில் முட்டாள் இல்லை. மரத்தில் எது முதலில் பழுக்கிறதோ, எது இனிப்போ, அதைத்தான் தேடிப் போய்க் கடிக்கும். அதனால் தோப்பிலேயே நல்ல பழம் எங்கள் கொட்டாய்க்குத்தான் வந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால், கடித்த இடத்தை வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் கீற்றாக வெட்டிக் கொடுப்போம். வந்தவர்களும் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சந்தையில் முழுப்பழம் யாருக்கும் கிடைக்கும். அணில் பழம் கொடுப்பவன் தன் பங்கிலிருந்து கொடுக்கிறான்.

இவள் அணில் கட்சி. நான் மாங்குயில் கட்சி.

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிற ஒரு காலையில் அது வந்துவிடும். வந்தது கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் முதலில் தெரியும். குண்டாக, ஈரமாக ஒரு சீழ்க்கை. புல்லாங்குழலில் யாரோ ஒரே ஒரு துளையை மூடித் திறந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான், பிறகு நெடுநேரம் சத்தமே இருக்காது. அடுத்தது வருமா என்று வேலையை விட்டுவிட்டு நிற்பேன். இலைக்குள் இருக்கும்வரை ஆள் அகப்படாது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாழ்ந்து எழும்பிப் பறக்கும்போது மட்டும், பழுத்த பழம் ஒன்று தானே கிளம்பிப் போகிற மாதிரி மஞ்சளாகத் தெரியும். கண்ணுக்கு மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கோடு. எல்லைக் கிராமத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன் நான். தோப்பில் பேச்சுத்துணை இல்லாமல், மளிகைப் பொட்டலக் காகிதத்திலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் படித்து எழுதும் பைத்தியமும் பிடித்திருந்தது. இப்படிப்பட்டவனுக்கு அந்தப் பறவை போதாதா?

அணிலிடம் இந்த ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. விடிந்ததிலிருந்து வாலை வெட்டி வெட்டி ‘கிச் கிச்’ என்று கத்தித் தீர்க்கும். பூனை வந்தாலும் கத்தும், காக்கை வந்தாலும் கத்தும், ஒன்றுமே வராவிட்டாலும் கத்தும். பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், எதையாவது கடித்துக்கொண்டே இருந்தால்தான் ஆகும். என் லுங்கி ஓரத்து நூலையும், இவள் காயப்போட்ட ரவிக்கைத் துணியையும் கிழித்துக்கொண்டு போய்க் கிளைக் கவட்டையில் கூடு கட்டியது ஒன்று. அது பிறந்ததும் அந்த நாலு மரம், சாகப்போவதும் அந்த நாலு மரம். ரேஷன் கார்டே கொடுக்கலாம். மாங்குயிலோ இங்கே கூடு கட்டுவதில்லை, குஞ்சு பொரிப்பதில்லை. அதெல்லாம் வடக்கே எங்கேயோ. திருப்பதி லாட்ஜில் தங்குகிறவர்கள் மாதிரி வருகிறது, தங்குகிறது, பங்குனி வெயில் ஏறியதும் காலி செய்துவிட்டுப் போகிறது.

“பேரு மட்டும் மாங்குயிலு,” என்பாள் இவள். “மாங்கா பழுக்கற நேரத்துக்கு ஆளக் காணோம். இதுக்கு இன்னாத்துக்கு மாமா அந்தப் பேரு? அணிலுக்கு வெச்சிருக்கலாம்.”

“அது பூவில இருக்கற புழுவத் துன்றதாலதான்மே காயே நிக்குது.”

“சர்தான். வேல செஞ்சிட்டு, பழம் துன்னாம போற ஒரே ஆளு அதுதான் போல. பாவம்.”

அவள் வாயால் அந்தப் பறவைக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. எங்களுக்கு மகள் பிறந்த பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை. தூளியை மாமரத்துக் கிளையிலேயே கட்டியிருந்தோம். தூளிக்கு மேலே அணில் ஓடும். தூளியை ஆட்டிக்கொண்டே அவள் அதோடு பேசுவாள். நான் அந்தப் பக்கம் கழுத்து வலிக்க அண்ணாந்து மாங்குயிலைத் தேடுவேன். அப்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

உலகத்துக்குக் கதவு திறந்தாயிற்று என்று பேப்பரில் எழுதினார்கள். எங்களுக்கு அந்தக் கதவு ஜூஸ் ஃபேக்டரியின் கேட்டாக வந்து சேர்ந்தது. சித்தூரைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. மாம்பழத்தைக் கூழாக்கி, டின்னில் அடைத்து, கப்பலேற்றினார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போவதற்கு முன்னாலேயே எங்கள் தோப்புப் பழம் அரபு நாட்டுக்குப் போய்விட்டது. பேனிஷா மரங்களைத் தறித்து, கூழுக்கு ஏற்ற பெங்களூரா ரகத்தை, அதாவது கிளிமூக்கு மாங்காயை, ஒட்டுக் கட்டினார்கள். குத்தகைக்காரருக்குத் தலை நிமிர நேரமில்லை. அந்த வருஷம்தான் ஒரு தரகர் வந்தார். அடிபட்டது, வெம்பினது, அணில் கடித்தது எதுவானாலும் கூடையில் போடுங்கள், வெட்டிக் காயவைக்க எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

குத்தகைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். “இனிமே உடுத பழமும் லாரிக்குத்தானய்யா. கூலியில கொஞ்சம் சேத்துக் குடுக்கறேன்.” சேர்த்துத்தான் கொடுத்தார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் வைகாசி மாதத்தில், மாந்தோப்புக்கு நடுவில், என் வீட்டில் மாம்பழம் இல்லை. இவள் அணிலைப் பார்த்து, “இனிமே நீ எனக்கு ஒண்ணும் குடுக்க முடியாது,” என்று சொன்னதைக் கேட்டேன். விளையாட்டாகச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் குவைத் பேச்சு வந்தது. மகளைப் படிக்கவைக்க வேண்டும், தோப்புக் காவலில் அது ஆகாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். நான் போகிறேன் என்று கிளம்பினேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஓர் ஏஜென்ட் இருந்தார். இரண்டு பேருமாகப் போய் உட்கார்ந்தோம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், இவளை ஒரு பார்வை பார்த்தார்.

“ஆம்பளைக்கு இப்ப விசா கஷ்டம். வீட்டு வேலைக்குப் பொம்பளைன்னா உடனே அனுப்பலாம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். சித்தூர் நெருங்கும்போது அவளே சொன்னாள்: “கொஞ்ச வருஷந்தான் மாமா. பொண்ணப் படிக்கவெச்சிட்டா போதும். அப்புறம் ஒவ்வொரு மாங்கா காலத்துக்கும் இங்கதான் கெடப்பேன். நீயே தொரத்துனாலும் போகமாட்டேன்.” அன்றிலிருந்து எனக்கு ஆசை என்று இருந்தது அது ஒன்றுதான். ஒரு மாம்பழக் காலம், முதல் பழத்திலிருந்து கடைசிப் பழம் வரைக்கும், அவள் என்னோடு இருக்க வேண்டும். வேறு எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

பங்குனியில் போனாள். மகள் அப்போதுதான் அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். மெட்ராஸ் விமான நிலையத்தில் என் மனைவியை விட்டுவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். தோப்பு அமைதியாக இருந்தது. மாங்குயிலும் அந்த வாரமே போய்விட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பாழாய்ப்போன பறவை, அது ஒன்றாவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டுத் திட்டினேன். அணில்கள் மட்டும் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தன.

அந்த நாளில் போன் பேசுவது லேசில்லை. சித்தூர் டவுனில் பூத்துக்குப் போய் வரிசையில் நின்று, பேச ஆரம்பிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் கேசட்தான். பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்துபோகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவோம். ஐப்பசியில் மாங்குயில் திரும்பி வந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. குத்தகைக்காரரிடம் டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி, மரத்தடியில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, அதன் பாட்டைப் பிடித்தேன். ஒரு காலை முழுக்க அதே வேலை. நடுவில் இந்த அணில் சனியன்கள் வேறு கிச் கிச்சென்று கெடுத்துக்கொண்டே இருந்தன. தகரத்தைத் தட்டினால் தகரமும் பதிவாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். அவளுக்கு நம் தோப்பைப் பாட்டாகவே அனுப்பிவிட்டேன் என்று எனக்குள் ஒரே பெருமை.

பதில் கேசட் வர வெகுநாள் ஆயிற்று. மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“மாமா, பாட்டு நல்லாத்தான் கீது. ஆனா அந்த மஞ்சக் குருவி இங்கியும் வந்துச்சி. மெய்யாலும்தான். வெயிலு ஆரம்பிக்கறப்போ, இந்த வீட்டு மரத்துல வந்து குந்திக்கினு இருந்துச்சி. ரெக்க கீதே அதுக்கு, அது எங்க வேணா போவும். அணிலுதான் மாமா இங்க இல்ல. ஒண்ணுகூட இல்ல. உன் குருவி பாடற எடத்தல்லாம் உட்டுட்டு, பின்னால அணிலு கத்துது பாரு, அதத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கறேன்.”

அங்கே வந்தது எங்கள் மாங்குயில்தானா, வேறு ஜாதியா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் நான் கட்சி மாறிவிட்டேன். நான் கெட்டதென்று நினைத்த சத்தம்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அதே கேசட்டில் இன்னொன்றும் சொன்னாள். அந்த வீட்டு முற்றத்தில் ஒரு பேரீச்ச மரம் இருந்தது. பழுத்த காலத்தில் ஏதோ ஒரு குருவிக் கூட்டம் வந்து கொத்தும். ஒருநாள் வீட்டுக்குப் பெரிய விருந்தாளிகள் வந்தார்கள். எஜமானியம்மா பேரீச்சம்பழம் கொண்டுவா என்று சைகை காட்டினாள். இவள் என்ன செய்தாள்? முழுப்பழத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, குருவி கொத்தினதாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, வெள்ளித் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் நீட்டினாள். அதுதானே இனிப்பு? அதுதானே மரியாதை? எஜமானியம்மாவின் முகம் போன போக்கைச் சொல்லும்போது இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எச்சில் பழத்தை விருந்தாளிக்கு வைக்கிறாயா என்று அன்று முழுக்கத் திட்டாம். எனக்கும் வயிறு குலுங்கச் சிரிப்பு. எங்கள் பக்கத்து மாந்தோப்புக் காவல்காரன் பெண்டாட்டியைத் தவிர, உலகத்தில் வேறு எவளும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

“அவங்க வீட்ல ஒரு கைக்கொழந்த கீது மாமா, பொண்ணு,” என்றது கேசட். “யாரும் தொடாத அந்தத் தட்டுலேர்ந்து அது மட்டும் ஒண்ண எடுத்து வாயில போட்டுக்கிச்சி. என்னப் பாத்து சிரிச்சிக்கினே சப்புச்சி. அதுலேர்ந்து என்ன உட்டு எறங்கறதே இல்ல. என் கூடத்தான் தூங்குது.”

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. என் மடியில் இருந்த மகள், “யாரு நைனா தூங்குது அம்மா கூட?” என்று கேட்டாள். யாரோ பாப்பா என்றேன். முகம் தெரியாத ஒரு கைக்குழந்தை மேல் எனக்குப் பொறாமை வந்தது. அதை மறைக்கவேண்டிய அவசியம் எனக்கு இப்போது இல்லை.

கொஞ்ச வருஷம் என்றது நீண்டுகொண்டே போயிற்று. லீவில் வருவாள். எப்போதும் குளிர்காலத்தில்தான். அந்த வீட்டுக்காரர்கள் கோடையில் வெளிநாடு போவார்கள்; குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அதனால் மரம் பூத்துக் குலுங்கும்போது வருவாள், பிஞ்சு பிடிப்பதற்குள் கிளம்பிவிடுவாள். கம்பளியும் சென்ட்டும் பால் பவுடரும் கொண்டுவந்து கட்டில் நிறையப் பரப்புவாள். மகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வாள். படுக்கும்போது மட்டும் என் பக்கம் வந்து படுத்துக்கொள்வாள். இவள் அதைப் பார்த்துவிட்டு விளக்கை அணைப்பாள்.

பகலில் போய் அணில் கூட்டுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவாள். மேலே மாங்குயில் பாடும். எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காமல் போயிற்று. முன்பெல்லாம் அது பாடினால் வந்துவிட்டது என்று கேட்கும். இப்போது போகப்போகிறது என்றுதான் கேட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டு ஜீவனுக்கும் உள்ள வித்தியாசம் அது ஒன்றுதான். அணிலைப் பார்த்து நாம் திட்டலாம், கல்லால் அடிக்கலாம், மறந்தே போகலாம். அது நாளைக்கும் இருக்கும். மாங்குயிலைப் பார்க்கும்போது நமக்குத் திட்ட மனசு வருவதில்லை. இருக்கிறபோதே அதற்காக ஏங்க ஆரம்பித்துவிடுகிறோம். என்னுடைய மனைவியோடு நான் சண்டை போட்டே வருஷக்கணக்காகியிருந்தது. வந்திருப்பது நாலு நாள், அதில் எதற்கு என்று அவளும் விட்டுக்கொடுத்தாள், நானும் விட்டுக்கொடுத்தேன். விருந்தாளியும் வீட்டுக்காரனும் மாதிரி அவ்வளவு மரியாதையாக இருந்தோம். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“இந்த வருஷமாச்சும் வைகாசிக்கு வாமே,” என்பேன்.

“அடுத்த வருஷம் மாமா,” என்பாள்.

மகள் திருப்பதியில் நர்சிங் படித்து முடித்து, அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதம் முடிந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து, “போதும், வந்துடு,” என்று மட்டும் சொன்னாளாம். அந்தச் சித்திரைக் கடைசியில் என் மனைவி வந்தாள். பெட்டிகளை இறக்கும்போதே, “முடிச்சிக்கினு வந்துட்டேன் மாமா,” என்றாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தேவையில்லாமல் தோப்பைச் சுற்றிக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன்.

பழைய குத்தகைக்காரர் இருந்தார், வயதாகியிருந்தது. இவள் வந்தது தெரிந்து, லாரிக்குப் போகிற கூடைகளில் ஒன்றை இறக்கி, தறிபடாமல் மிஞ்சின பேனிஷா மரத்து அணில் பழமாகப் பொறுக்கி அனுப்பினார். இவள் குந்தி உட்கார்ந்து, சாறு முழங்கை வரைக்கும் வழிய வழியத் தின்றாள். கொட்டையைச் சப்பி எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று மாலை, தண்ணீர்க் குடத்தை எங்கே வைப்பது என்று எங்களுக்குள் அருமையாக ஒரு சண்டை வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

போன் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இப்போதெல்லாம் கையிலேயே போன் இருக்கிறதே. சாயங்காலமானால் அந்தக் குவைத்துப் பெண் கூப்பிடும். பேரீச்சம்பழம் சப்பிய அந்தக் கைக்குழந்தை இப்போது உயரமான பள்ளிக்கூடத்துப் பெண். இவள் அரபியில் பேசுவாள். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியாது. குரல் மட்டும் புரியும். அப்படி ஒரு குரல் இவளிடம் இருப்பது எனக்கும் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது. பேசி முடித்த பிறகு, வெறும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தோப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் எத்தனையோ வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் சொன்னாள்: “பொண்ணு சரியா சாப்பட மாட்டேங்குதாம் மாமா. விசா அனுப்பறோம், திரும்பி வான்றாங்க.”

“போவாத,” என்றேன். அவள் முதல்முறை கிளம்பியபோதுகூட நான் சொல்லாத வார்த்தை. “எனக்கு நீ வேணும்மே. இனிமே என்னால ஆவாது.”

“போவல மாமா,” என்றாள் உடனே. பிறகு, “அங்க இருந்தப்போ உங்க ரெண்டு பேரு நெனப்பு. இங்க வந்தா அவ நெனப்பு. எங்க இருந்தாலும் பாதிதான் போல,” என்றாள். நான் எதிர்பார்த்துக் காத்திருந்த மாம்பழக் காலம் இதுதான். முதல் பழம் முதல் அவள் என்னோடுதான் இருந்தாள். ஏக்கம் என்பது நான் மட்டும் சுமந்தது, அவள் வந்து சேர்ந்தால் இறக்கி வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அது அவள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வரமாட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டுமே. ஒவ்வொரு நாளும் சொல்லப்போகிறேன் என்பாள்; போன் வந்தால் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் இறுகிவிட்டது.

“குடும்மா, நான் சொல்றேன். எங்கம்மா வரமாட்டாங்கன்னு நானே சொல்றேன்.”

போன் வந்ததும் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இங்கிலீஷ் இருந்தது. மகள் முதலில் வெடுக்கென்றுதான் பேசினாள்; அம்மா இனி வரமாட்டார்கள், இது அவர்கள் வீடு என்றாள். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. அடக்கி அடக்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மகள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். நோயாளியிடம் பேசும்போது நர்சுகளுக்கு ஒரு குரல் உண்டு. அந்தக் குரல் அவளையறியாமல் வந்துவிட்டது. அழாதே என்றாள். சின்ன வயதில் நீ அழுதால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

பாடுவார்கள் என்றது அந்தப் பெண். கேட்காமலேயே பாடவும் ஆரம்பித்தது.

தமிழ்ப் பாட்டு. வார்த்தையெல்லாம் அரபு வாயில் உருண்டு, அர்த்தம் தெரியாமல் மனப்பாடமாக வருகிறது. ஆனால் ராகம் ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. மாமரத்தில் தூளி கட்டியிருந்த காலத்தில் என் மனைவி தானே கட்டிய தாலாட்டு அது. பெரிய பாட்டொன்றும் இல்லை, நாலு வரிதான். அதை நான் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

மகள் போனைக் கையில் ஏந்தியபடி அப்படியே நின்றாள். பாட்டு முடிந்ததும் மெதுவாக, “நைனா, இத அம்மா எனக்குப் பாடியிருக்காங்களா?” என்று கேட்டாள்.

“உனக்குக் கட்டுன பாட்டும்மா அது,” என்றேன். “நீ தூங்கறதுக்கு.”

“எனக்கு ஞாபகமே இல்லியே.”

அந்தப் பக்கத்தில் அந்தப் பெண் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டாள்.